புனலுக்கும் போத்தலுக்கும் நடுவே ஒரு ஈர்க்கு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார், பிரிண்டருக்கு டோனர் நிரப்பிக் கொடுக்கிற கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள், தான் காசு கொடுத்து நிரப்பிய கார்ட்ரிட்ஜைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முக்கால்வாசிதான் பொடி, மிச்சம் வெறும் காற்று என்று. பரந்தன் பக்கத்தில் பல வருடமாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன் நான். வாசித்தவுடன் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அந்த மனிதரிலும் பிழை சொல்ல முடியாது. அந்தக் காற்று எதற்காக இருக்கிறது என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்கே அது தெரியாது, எனக்கும் ஒரு நாள் பட்டுத்தான் தெரிந்தது.

முதலில் அவருடைய கணக்கைப் பார்ப்போம். டோனர் என்பது மை இல்லை, பிளாஸ்டிக் பொடி. அதோடு கரி, மெழுகு, சில வகைகளில் இரும்பு ஒக்சைட்டு, பொடி ஒட்டாமல் ஓடுவதற்காக மேலே கொஞ்சம் சிலிக்கா. ஒரு துகள் ஐந்திலிருந்து பத்து மைக்ரோன் வரை வரும். தலைமயிரின் குறுக்களவு எழுபது மைக்ரோன் அளவில் என்றால் எவ்வளவு சின்னது என்று பாருங்கள், எங்கள் இடியப்ப மா இதற்குப் பக்கத்தில் மணல் மாதிரி. இந்தப் பொடியை ஒரு கிண்ணத்தில் விளிம்பு வரை நிரப்பினாலும் அந்தக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருப்பது காற்றுத்தான், துகளுக்குத் துகள் இடையில் ஒளிந்திருக்கிற காற்று. அதனால் கண்ணால் பார்த்து நிறைவு குறைவு சொல்வதே பிழை. அதே நூறு கிராம் பொடி இப்போதுதான் குலுக்கியது என்றால் பொங்கிப் பெட்டி நிறைந்து தெரியும், கொழும்பிலிருந்து ஏ9 வீதியில் பஸ்ஸில் குலுங்கி வந்து இரண்டு நாள் கிடந்தது என்றால் அடியில் படிந்து பாதியாகத் தெரியும். நிறுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கம் அதிகம் இருக்கிற கேனன் எல்பிபி 2900 வகைப் பிரிண்டருக்கு நூறு கிராம் அளவு போட்டால் சரி. பெட்டியில் 2000 பக்கம் என்று எழுதியிருப்பார்கள், அது ஒரு தாளில் ஏறக்குறைய ஐந்து சதவீத இடம்தான் கறுப்பு என்ற கணக்கு. காணி உறுதிக் கொப்பியும் பழைய வினாத்தாள் கொப்பியும் அடிக்கிற எங்களுக்கு அந்தக் கணக்கு எங்கே வரும், அது வேறு கதை.

சரி, மேலே வெறுமையாக விட்ட இடம்? அதுதான் விசயமே.

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர் போத்தலின் வாயில் புனலை வைத்து அளவுச் சாடியால் ஊற்றுவார். புனல் போத்தலின் கழுத்தில் இறுக்கமாக இருந்தால் எண்ணெய் இறங்காது, புனலுக்குள்ளேயே தளம்பிக்கொண்டு நிற்கும், பிறகு ‘குளுக்’ என்று ஒரு குமிழி மேலே வந்து எங்கள் காலிலே தெறிக்கும். அந்த மனேச்சர் ஒரு ஈர்க்கை முறித்துப் புனலுக்கும் போத்தலுக்கும் நடுவே செருகி விடுவார். பிறகு எண்ணெய் வழுக்கிக்கொண்டு இறங்கும். உள்ளே போகிற எண்ணெய்க்கு இடம் வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வர வழி வேண்டும், அதற்கு ஒரு ஈர்க்கின் தடிப்பு போதும். டோனர் கார்ட்ரிட்ஜ் செய்கிற பெரிய கம்பனிகளின் பொறியியலாளர்கள் வருடக்கணக்காக மண்டையை உடைப்பது இந்த ஈர்க்கை எங்கே செருகுவது என்றுதான்.

ஆனால் மண்ணெண்ணெயை விடப் பொடி பொல்லாதது. எண்ணெய் தன் பாரத்தில் தானாக இறங்கும். பொடி இறங்காது. மா ஆலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மேலே தகரப் பெட்டி நிறைய மா இருக்கும், கீழே வாயில் ஒன்றும் வராது, ஆலைக்காரர் ஒரு கட்டையால் பெட்டியின் பக்கத்தில் தட்டுவார், தடாலென்று ஒரு கூடை மா ஒன்றாக விழும். நடுவில் மா ஒன்றையொன்று பிடித்துப் பாலம் மாதிரி நின்றுவிடும், அதுதான் காரணம். டோனர் பெட்டிக்குள்ளும் இதே பாலம் கட்டும். அதனால்தான் பெட்டியின் பக்கச் சுவரைச் செங்குத்தாகவும் வழவழப்பாகவும் செய்வார்கள், உள்ளே ஒரு தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மாட்டிச் சுற்ற விடுவார்கள், அது மூலை முடுக்கெல்லாம் வழித்துப் பொடியைக் கிண்டிக்கொண்டே இருக்கும். அது சுற்றுவதற்கு இடம் வேண்டாமா? கழுத்து வரை அடைத்துவிட்டால் அந்தத் தாள் மடிந்து சிக்கும், பொடி இறுகும், பல்லுச் சக்கரம் முறியும். புட்டு அவிக்கிறவர்களிடம் கேளுங்கள், நீத்துப்பெட்டியில் மாவை அமத்தி அடைத்தால் ஆவி மேலே வராது, நடு மா பச்சையாகவே கிடக்கும் என்பார்கள். இங்கேயும் அப்படித்தான்.

இனி என் பிழையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் உபதேசம் செய்கிறேன் என்று நினைப்பீர்கள். கடைக்குப் பழைய பெரிய போட்டோக்கொப்பி மெஷின் ஒன்று வாங்கினேன். அதில் டோனர் தனிப் போத்தலில் வரும், போத்தல் மேலே, அதிலிருந்து பொடி கீழே உள்ள அறைக்கு விழும், அங்கிருந்து உருளைக்குப் போகும். அந்த அறையின் மேல் மூடியில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தது, தீப்பெட்டியளவு, அதைச் சுற்றிக் கறுப்பாகப் புகை பிடித்த மாதிரி. நான் என்ன நினைத்தேன், டோனர் இதால் ஒழுகுது என்று. அகலமான டேப் எடுத்து வடிவாக ஒட்டி அடைத்துவிட்டேன், அடைத்துவிட்டுப் பெருமையும் பட்டேன். தவணைப் பரீட்சைக் காலம் அது, பாடசாலைகளின் வினாத்தாள் குவிந்து கிடந்தது. இரண்டாம் நாள் தாளின் ஓரமெல்லாம் கறுப்பு மூட்டம். மூன்றாம் நாள் மெஷினைத் திறந்தால் உள்ளே அடுப்படிப் புகைக்கூடு மாதிரி, பொடி எல்லா இடுக்காலும் பீறிக்கொண்டு வந்திருக்கிறது. வினாத்தாளுக்குக் காத்திருந்த ரீச்சர் ஒருவர் எட்டிப் பார்த்தார், அவருடைய வெள்ளைச் சேலை போய்விட்டது. உருளையை மாற்றினேன், பிளேட்டை மாற்றினேன், பொடி கூடாது என்று பொடி விற்றவனையும் ஏசினேன். ஒன்றும் சரிவரவில்லை.

அந்தக் கிழமை விசுவமடுவில் சித்தப்பாவின் மிளகாய்த் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தண்ணீர் இறைக்கிற மெஷின் அரை மணித்தியாலம் ஓடும், நிற்கும், எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கும், திரும்ப ஓடும். மூடியில் ஊசி முனையளவு ஓட்டை ஒன்று இருக்கிறதல்லவா, அதில் செம்மண் அடைத்திருந்தது. சித்தப்பா ஒரு ஊசியால் குத்தி விட்டார், வேலை முடிந்தது. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்பரேற்றருக்குள் நாலு துளி பெட்ரோல் விட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது, இந்த ஓட்டையின் அருமை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கு மட்டும் கடைக்குள் மறந்துபோனது. அன்றிரவே வந்து டேப்பைக் கிழித்தேன். கம்பளித் துண்டை எடுத்து வெளியே தட்டித் தூசு போக்கித் திரும்ப ஒட்டினேன். மெஷினைத் துடைக்க ஒரு நாள் பிடித்தது, அதற்குப் பிறகு மூட்டம் இல்லை.

என்ன நடந்ததென்றால், மேலேயிருந்து பொடி விழும்போது கீழறையிலுள்ள காற்று வெளியேற வேண்டும். அது மட்டுமில்லை, சுற்றுகிற உருளை தன்னோடு வெளிக் காற்றையும் ஒட்டி உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், கிண்டுகிற தண்டும் காற்றைப் பொடியோடு கலக்கும். இதெல்லாம் சேர்ந்து உள்ளே அமுக்கம் ஏறும். காற்றுக்கென்று விட்ட வழியை நான் அடைத்ததால் அது தனக்கு வழி தேடிச் சீல் இடுக்குகளால் வெளியே வந்தது, வரும்போது பொடியையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதே நேரம் மேலே உள்ள போத்தலில் பொடி குறையக் குறைய அங்கே காற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் பொடி வராது. ஆக, கொடுக்கிற பக்கத்துக்குக் காற்று வரவேண்டும், வாங்குகிற பக்கத்திலிருந்து காற்று போகவேண்டும். இரண்டு தேவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. பொடி இறங்குகிற வழிக்கு அருகே, கீழறையின் காற்று மேலே போத்தலுக்குத் திரும்பிப் போக இன்னொரு வழி விட்டால் இரண்டும் ஒன்றாகத் தீரும், வெளியே ஒரு துகளும் வராது. கேட்க லேசாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இரண்டாவது வழியைப் பொடி போய் அடைக்காமல் செய்வதுதான் பாடு.

காற்றை வெளியே விடுவதென்றால் வடிகட்டி வேண்டும், ஏழு மைக்ரோன் பொடியைப் பிடித்துக் காற்றை மட்டும் விடுகிற கம்பளியோ நுரையோ. அந்தத் துண்டு சின்னதாக இருந்தால் காற்று அதில் வேகமாக மோதும், வேகமாக மோதினால் பொடியைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பும், ஒரு மாதத்தில் அடைபடும். அதே காற்றைப் பெரிய துண்டால் விட்டால் மெதுவாகப் போகும், பொடி கீழேயே நிற்கும். பொடி விழுகிற வாய்க்கு நேரே வைக்கக் கூடாது, பொடி மட்டத்துக்கு மேலே, தள்ளி வைக்க வேண்டும், நிரப்பும்போது மேலே வெறுமையாக இடம் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய மெஷின்களின் சில போத்தல்களைப் பார்த்திருப்பீர்கள், உட்சுவரில் புரி வெட்டியிருக்கும், போத்தல் சுற்றச் சுற்றப் பொடி திருகாணி மாதிரி வாய்க்கு நகர்ந்து வரும். இன்னும் சில போத்தல்களின் நுனியில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தியே இருக்கிறது, கொல்லன் பட்டறைத் துருத்தியின் சின்னப் பிள்ளை. அது விரியும்போது வாயால் காற்றை உள்ளே இழுத்து அங்கே இறுகிக் கிடக்கிற பொடியைத் தளர்த்தும், சுருங்கும்போது அளவாகப் பொடியை வெளியே தள்ளும். காற்றோடு சண்டை பிடிக்காமல் காற்றையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். முதன்முதல் அதைக் கழற்றிப் பார்த்த அன்று நான் கடையைப் பூட்டிவிட்டு ஒரு மணித்தியாலம் அதையே அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனைவி ஏசினா.

செஸ்டர் கார்ல்சன் 1938 ஒக்டோபர் 22 இல் நியூயோர்க்கில் முதல் கொப்பியை எடுத்தபோது இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை, கந்தகம் பூசிய தகட்டில் பொடியைக் கையால் தூவி ஊதித் தள்ளினார். 1959 இல் வந்த செரொக்ஸ் 914 மாதிரி மெஷின்களில் பொடியை மெஷினே எடுத்து ஊட்ட வேண்டி வந்தது. அந்த 914 மெஷின் சூடாகித் தாள் பற்றுகிறதென்று கூடவே ஒரு தீயணைப்பானையும் கொடுத்து விற்றார்களாம், இப்போது நாங்கள் கேட்டால் சிரிப்போம். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, தெரியாத ஆள் கூடக் கழற்றி மாட்டலாம் என்று கேனன் கொண்டுவந்தது 1982 இல். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று பாவிக்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று ஆனது. நிரப்பித் திரும்பப் பாவிக்காத நாடுகளுக்கு அது சரி.

எங்களுக்குச் சரிவராது. 2022 மார்ச்சில் தாளும் மையும் இறக்க டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள், மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரம் புதுக் கார்ட்ரிட்ஜுக்கு எங்கே போவது, நிரப்பி நிரப்பித்தான் வன்னியில் அலுவலகங்களும் பாடசாலைகளும் ஓடின. இங்கே நிலைமையும் வேறு. குளிரூட்டிய அறைக்கென்று செய்த வடிகட்டிக்கு உள்ளே இருந்து டோனர், வெளியே இருந்து ஆவணி மாதத்துச் செம்மண் புழுதி, இரண்டு பக்கமும் அடி. கார்த்திகை மார்கழி மழைக்குப் பொடி ஈரம் பிடித்துக் கட்டிபடும். வெயிலில் பூட்டி நிறுத்திய வானுக்குள் கார்ட்ரிட்ஜை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஐம்பது அறுபது டிகிரி வந்தாலே அந்தப் பிளாஸ்டிக் இளகி ஒட்டத் தொடங்கும், பிறகு எவ்வளவு குலுக்கியும் பயனில்லை.

எங்கள் தொழிலின் பிழைகளையும் மறைக்கவில்லை. எங்கே வசதியோ அங்கே சூட்டுக் கோலால் ஓட்டை போட்டு நிரப்பி டேப் ஒட்டுகிறோம். கழிவுப் பொடி சேர்கிற அறையை வெறுமையாக்காமல் புதுப் பொடி போடுகிறோம், அது நிரம்பி வழிந்து பழி பொடிக்கு வருகிறது. இரும்பு கலந்த பொடி வேண்டிய மெஷினுக்கு இரும்பில்லாத பொடியைப் போடுகிற ஆட்களும் உண்டு. காற்றடிக்கிற கொம்பிரசரால் ஊதித் துப்புரவாக்குவதை மட்டும் தயவு செய்து விடுங்கள் தம்பிமாரே, அந்தத் தூசு நேரே சுவாசப்பைக்குப் போகிறது, மெல்லிய தூசு மூட்டமாக எழும்பி நிற்கும்போது ஒரு பொறி பட்டால் பற்றவும் கூடும். வீட்டு வக்கியூம் கிளீனரும் வேண்டாம், பை பிடிக்காமல் மறுபக்கத்தால் வெளியே ஊதிவிடும். கையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் பிளாஸ்டிக்கை இளக்கித் தோலில் ஒட்டிவிடும்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. ‘அண்ணை கொஞ்சம் கூடப் போடுங்கோ’ என்று கேட்காதீர்கள். இது அரிசி இல்லை. கூடப் போட்டால் பக்கம் கூடாது, மெஷின் கெடும். எழுத்து மங்கினால் கார்ட்ரிட்ஜைக் கிடையாகப் பிடித்து இடம் வலமாக ஐந்தாறு தரம் மெதுவாக ஆட்டுங்கள், கவிழ்த்துக் குலுக்க வேண்டாம். ஆட்டியவுடன் பொடிக்குள் காற்று ஏறித் தண்ணீர் மாதிரி ஓடும், இரண்டு நிமிடம் வைத்துவிட்டு மாட்டினால் தாளில் கொட்டாது.

நான் கேட்பது இரண்டே இரண்டு. நிரப்புகிற கடைகள் எல்லாம் ஒரு சின்னத் தராசு வைத்து, வாடிக்கையாளர் முன்னால் வெறும் கார்ட்ரிட்ஜையும் நிரப்பின கார்ட்ரிட்ஜையும் நிறுத்துக் காட்டட்டும், பில்லில் கிராம் கணக்கு எழுதட்டும். விலைமனு கேட்கிற அலுவலகங்களும் ‘நிரப்புதல்’ என்று ஒரு சொல் போடாமல் எத்தனை கிராம், கழிவுப் பொடி அறை துப்புரவா, வடிகட்டி மாற்றினதா என்று கேட்கட்டும். கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு இதுதான் என் பதில், நிறையைப் பாருங்கள், நிறைவைப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேயே இருக்கிறது. என் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற தூரம். அங்கே படிக்கிற பிள்ளைகள் யாராவது இறுதி வருட வேலையாக இதை எடுக்கக் கூடாதா? புழுதிக்கும் ஈரத்துக்கும் தாங்குகிற, கழற்றித் தட்டித் திரும்ப மாட்டக் கூடிய ஒரு காற்று வடிகட்டி, எங்கே ஓட்டை போட்டு நிரப்பினால் பொடி வழிக்குக் குறுக்கே வராது என்று ஒரு வரைபடம், அவ்வளவு போதும். டோனருக்கு என்று கண்டுபிடிப்பது நாளைக்கு மா ஆலைப் பெட்டிக்கும் மாட்டுத்தீவனம் அரைக்கிற மெஷினுக்கும் உதவும், பொடியும் காற்றும் எங்கேயும் ஒன்றுதான்.

வெட்டிப் பார்க்கச் சாமான் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். என் கடைக்குப் பின்னால் இரண்டு உரப்பை நிறையப் பழைய கார்ட்ரிட்ஜ் கிடக்கிறது, பல வகை, துருத்தி வைத்த போத்தல் நாலும் உண்டு. காசு வேண்டாம், வந்து எடுக்கலாம். பத்திரிகைக்கு என் முகவரி கொடுத்திருக்கிறேன், கேட்டால் தருவார்கள். வரும்போது பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
பரந்தனிலிருந்து போட்டோக்கொப்பிக் கடைக்காரன் ஒருவன்